கைப்பிடி வைத்த நாற்காலி

அத்தியாயம் 6

முனகியதுதான் தப்பாகிவிட்டது.

வலி கிளினிக்கின் காத்திருப்பு அறைக்குள் அத்தான் நுழைந்த அழகைப் பார்த்திருந்தால் எந்த நாடகக் கம்பெனியும் அன்றே அட்வான்ஸ் கொடுத்திருக்கும். இடுப்பில் ஒரு கை, சுவரில் ஒரு கை. "அம்மா... அப்பா..." என்று குடும்பத்தையே துணைக்கு அழைத்தபடி ஒரு காலை இழுத்து இழுத்து வந்து, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "டிஸ்க்கு. மூணு வருஷமா உயிரை வாங்குது," என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரை மேலும் கீழும் அளந்தாள். தொழில்முறை அளவு அது. அவள் தையல்காரி. அங்கே எல்லோரும் அவளைத் தையலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"தம்பி, நிஜமா வலிக்கிறவங்க பொத்துன்னு உட்கார மாட்டாங்க," என்றாள். "தவணை முறையிலதான் உட்காருவாங்க. முனகவும் மாட்டாங்க. முனகினா அதுக்கும் முதுகு அசையணும் பாருங்க."

"எனக்கு வலி கொஞ்சம் வேற மாதிரிம்மா."

"அது தெரியுது. கதவுகிட்ட வலது கால இழுத்தீங்க. பெஞ்சுகிட்ட வந்ததும் இடது கால இழுத்தீங்க."

எதிர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தான் இரண்டு கால்களையும் ஒருமுறை குனிந்து பார்த்தார். இரண்டும் கைவிட்டுவிட்டன. துப்பறிய வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அவரைத் துப்பறிந்துவிட்டார்கள்.

அத்தான் என்பது அவர் பெயரல்ல. இருபது வருஷம் மருந்துக் கம்பெனிகளுக்காகப் பை தூக்கி, டாக்டர்களின் வாசலில் தவம் கிடந்தவர் அவர். அந்த வேலை போனதும், மனுஷன் வீட்டிலேயே இருந்தால் தன் நிம்மதி போய்விடும் என்று பயந்த மனைவி, அவரைத் தன் தங்கையின் துப்பறியும் நிறுவனத்தில் தள்ளிவிட்டாள். தங்கை வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட, அதைக் கேட்டுக் கேட்டு எதிர்க்கடைக்காரர், கூரியர் கொண்டு வருபவர், வழக்கோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அத்தானாகிப் போனார். பதிலுக்கு அவர் கொழுந்தியாளை 'பாஸ்' என்று கூப்பிடுவார். சம்பள நாளன்று மட்டும் அதில் கொஞ்சம் மரியாதை கூடும்.

வழக்கைக் கொண்டு வந்தவர் இந்த கிளினிக்கின் டாக்டர். வருஷக்கணக்கில் தீராத வலியோடு இருப்பவர்களுக்கு என்று ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது. பழைய வலி மருந்துகளைப் போல போதை வகை இல்லை. மயக்கத்தில் தள்ளாது, பழக்கமாகி ஆளைப் பிடித்துக்கொள்ளாது. கடைக்கு வர இன்னும் நாளாகும். அதுவரை மருந்துக் கம்பெனி கொஞ்சம் பேருக்கு மட்டும் இலவசமாகக் கொடுத்துப் பார்க்கிறது. இந்த கிளினிக்கில் ஆறு பேர். தினமும் காலையில் ஒரு வேன் வீடு வீடாகப் போய் அவர்களை அள்ளிக்கொண்டு வரும். நர்ஸ் ஜன்னல் வழியாக மாத்திரை கொடுப்பார். அங்கேயே விழுங்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"முதல்ல எல்லாருக்கும் அப்படி ஒரு குணம்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பேக்கரிக்காரர் மறுபடி மாவு பிசைய ஆரம்பிச்சார். கணக்கு வாத்தியார் போர்டுகிட்ட நின்னு பாடம் நடத்தினார். தையலம்மா மெஷின் மிதிச்சாங்க. நான் சந்தோஷத்துல தூங்கல. இப்போ கவலையில தூங்கல. தினமும் யாராவது ஒருத்தர் பழைய வலியோட வந்து நிக்கிறாங்க. என்னன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. மருந்து வேலை செய்யலைன்னு கம்பெனி நினைக்குது. இந்த சனிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லலைன்னா இங்க நிறுத்திடுவாங்க. ஆறு பேரும் மறுபடி பழைய நரகத்துக்குப் போகணும்."

யாரோ மாத்திரையைத் திருடிவிட்டு வேறு எதையோ வைக்கிறார்கள் என்பது டாக்டரின் சந்தேகம். அத்தானுக்கோ சந்தேகமே இல்லை, முடிவே கட்டிவிட்டார். கள்ளச் சந்தை! கடைக்கு வராத மருந்துக்கு எவ்வளவு கிராக்கி இருக்கும் என்பது பை தூக்கியவருக்குத் தெரியாதா?

இன்று வெள்ளிக்கிழமை.

பெஞ்சில் மானம் போன அத்தான் மெதுவாக எழுந்து, இந்த முறை எந்தக் காலையும் இழுக்காமல், வராந்தாவுக்கு நழுவினார். அங்கே பாஸ் சுவரோடு ஒட்டி நின்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் காலை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். கிளினிக்குக்குப் புது நாற்காலி சப்ளை செய்யும் கம்பெனியிலிருந்து வந்தவள் என்பது அவள் வேஷம். மூன்று நாளாக ஒரே நாற்காலியை அளந்துகொண்டிருந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"பிடிபட்டுட்டீங்களா அத்தான்?"

"என் நடிப்பு ரொம்ப உயர்ந்த ரகம் பாஸ். அவங்களுக்குப் புரியல."

"இங்கேயே கேட்டுச்சு. பிரசவ வார்டுனு நினைச்சு ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டுப் போனார்." பாஸ் டேப்பைச் சுருட்டினாள். "சரி, உள்ள எத்தனை நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கு?"

"ஒண்ணுக்குத்தான். ஜன்னலோரம். பேக்கரிக்காரர் உட்கார்ந்திருக்கார்."

"கையை ஊன்றி எழுந்திருக்க முடியிற ஒரே நாற்காலி அதுதான். இங்க வர்றவங்களுக்கு அது சிம்மாசனம். ஆரம்பத்துல அதுக்காக அவங்களுக்குள்ள சண்டையே நடக்குமாம், நர்ஸ் சொன்னாங்க. இப்போ சண்டையே இல்ல. முந்தாநாள் வாத்தியார் உட்கார்ந்தார். நேத்து வேற ஒருத்தர். இன்னிக்கு பேக்கரிக்காரர். அவர் படியேறி வர்றதுக்கு முன்னாடியே தையலம்மா அதுல தன் பையை வச்சு இடம் போட்டுட்டாங்க."

"நல்ல மனசு."

"இருக்கட்டும். இன்னிக்கு அவருக்குத்தான் வலிக்கும்னு அவங்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?"

அத்தான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வலி தானா வந்தா ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு வரும், ஒரு நாள் யாருக்கும் வராது," என்றாள் பாஸ். "டோக்கன் வாங்கிட்டு ஒவ்வொருத்தரா வரிசையில வர்ற வலியை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"அப்போ மருந்து..."

"மருந்துல ஒரு குறையும் இல்ல. குப்பைத் தொட்டியைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தீங்களா?"

"நேத்து சாயங்காலம் கையை விட்டே பார்த்தேன். இதை உங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க, சாப்பாடு போட மாட்டா." அத்தான் குரலைத் தாழ்த்தினார். மாத்திரையை நர்ஸ் ஒரு குட்டிக் காகிதக் கப்பில் வைத்துத்தான் கொடுப்பார். வாயில் கவிழ்த்துவிட்டு, கப்பைக் கசக்கித் தொட்டியில் போடுவார்கள். "ஆறு பேருக்கு அஞ்சு கப்புதான் கிடந்துச்சு. ஒண்ணு குறையுது."

"முந்தாநாளும் அப்படித்தான். நேத்து கப்பைத் தொட்டியில போடாம சட்டைப்பையில போட்டுக்கிட்டது பேக்கரிக்காரர். இன்னிக்கு நாற்காலி அவருக்கு. புரியுதா?"

"கப்புக்குள்ளயே மாத்திரை! விழுங்குற மாதிரி பாவ்லா!" அத்தானின் கண்கள் விரிந்தன. "சொன்னேன்ல பாஸ்? கள்ளச் சந்தை! முறை வச்சு விக்கிறாங்க! இன்னிக்கு யார் முறை?"

"உங்க கால் ரெண்டையும் கண்டுபிடிச்சவங்க."

அத்தான் கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். தையலம்மா ஜன்னலில் மாத்திரை வாங்கி, தலையை அண்ணாந்து, தண்ணீர் குடித்து, நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். திரும்பும்போது கசங்கிய கப் அவள் கைப்பைக்குள் போனது. நடிப்பென்றால் இது நடிப்பு. அத்தானுக்குப் பொறாமையாகவே இருந்தது.

"வேன்ல ஏறுங்க," என்றாள் பாஸ். "கப் எங்க போகுதுன்னு பாருங்க. நான் ஸ்கூட்டர்ல பின்னாடி வரேன். ஏறும்போது டிரைவர் சீட்டையும் ஒரு பார்வை பாருங்க."

"சீட்டுல என்ன இருக்கு?"

"அதைத்தான் பார்க்கச் சொல்றேன்."

வேனில் இடம் இருந்தது. வழியில் இறக்கிவிடுங்கள் என்று அத்தான் கேட்டதும் வேன் டிரைவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஐம்பது வயது மதிக்கலாம். துள்ளி இறங்கி வந்து கதவைத் திறந்து, ஒவ்வொருவரையும் முழங்கையில் தாங்கி ஏற்றினார். பேக்கரிக்காரரை ஏற்ற மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார். ஏற்றிவிட்டு அவர் தோளை ஒருமுறை அழுத்தினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டிரைவர் சீட்டில் முதுகு சாய்கிற இடத்தில் ஒரு துண்டு சுருட்டிக் கட்டியிருந்தது. நடுவில் நன்றாகப் பள்ளம் விழுந்திருந்தது. வேர்வைக்குப் போட்டிருப்பார் என்று அத்தான் அதோடு விட்டுவிட்டார்.

வேன் கிளம்பியது. அத்தான் கடைசி வரிசையிலிருந்து தையலம்மாவின் கைப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்த நிறுத்தத்தில் இறங்குவாள்? எந்தத் தொப்பிக்காரன், எந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன் வந்து வாங்குவான்? ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. தையலம்மா கைப்பையைத் திறந்தாள். கசங்கிய கப்பை எடுத்தாள். முன்னால் குனிந்து, "இந்தக் குப்பையை வெளியில போட்டுடுங்க தம்பி," என்று டிரைவர் தோளுக்கு மேலே நீட்டினாள்.

டிரைவர் வாங்கினார். வெளியே போடவில்லை. வாயில் கவிழ்த்து, பக்கத்திலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். கண்ணாடியில் அத்தானின் கண்ணும் டிரைவரின் கண்ணும் சந்தித்தன.

கேட்டைத் தாண்டி ரயில் போய், கதவு தூக்கி, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் டிரைவர் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு மர நிழலில் ஓரம் கட்டினார்.

"பார்த்துட்டீங்க, இல்லையா?" என்றாள் தையலம்மா. "நீங்க நோயாளி இல்லன்னு உள்ள வந்தப்பவே தெரியும், கம்பெனி ஆளுன்னு இப்போதான் புரியுது. அவரை ஒண்ணும் செஞ்சிடாதீங்க. எங்க பேரை எழுதிக்கோங்க."

"அம்மா, நான் கம்பெனி ஆளு இல்ல. கம்பெனி என்னைத் துரத்தி ரொம்ப நாளாச்சு," என்றார் அத்தான். கள்ளச் சந்தை அவர் மனசுக்குள் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. "இவர் எதுக்கு இதைச் சாப்பிடுறார்?"

பதில் சொன்னது கணக்கு வாத்தியார். "எங்களுக்கு எதுக்கோ, அதுக்குத்தான். முன்னாடி ஒரு வீடு மாத்துற கம்பெனியில இருந்தப்போ ஃபிரிட்ஜோட படியில விழுந்துட்டார். இடுப்புலேர்ந்து குதிகால் வரைக்கும் நெருப்பு மாதிரி. முதல்ல எங்களுக்கு அவர் சொல்லல சார். ஆனா அவர் சீட்டுல ஏறுற விதம் இருக்கே, ரெண்டு காலையும் ஒண்ணா சேர்த்து உள்ள திருப்புவார். நாங்க ஆறு பேரும் அப்படித்தான் ஏறுவோம். எங்க ஆளு எங்களுக்குத் தெரியாதா?"

"அப்போ அவரும் டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன் சார்," என்றார் டிரைவர். திரும்பாமல், ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினார். "ஆள் எடுக்குறப்போ நானும் போய் உட்கார்ந்தேன். வலி பத்துக்கு எத்தனைன்னு டாக்டர் கேட்டார். கதவு திறந்தே இருந்துச்சு. வெளியில எங்க டிராவல்ஸ் முதலாளி நின்னுட்டிருந்தார். உடம்பு முடியாத டிரைவருக்கு வண்டி கிடையாது. ரெண்டுன்னு சொல்லிட்டேன்."

"ரெண்டா?"

"ரெண்டு சொன்னவனுக்கு யாரு மருந்து குடுப்பா? போகலாம்னுட்டாங்க."

"அப்புறம் ஒரு நாள் எங்களை இறக்கிவிட்டுட்டு வண்டிக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டிருந்தார்," என்றார் பேக்கரிக்காரர். "பெரிய ஆம்பளை, அப்படி அழுது நான் பார்த்ததில்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம். ஆளுக்கு ஒரு நாள். பத்து வருஷம் தாங்கினவங்க, முறை வர்ற அன்னிக்கு ஒரு நாள் தாங்க மாட்டோமா?"

அத்தானுக்கு எப்போதும் எதற்கும் ஒரு கிண்டல் கைவசம் இருக்கும். இப்போது தேடிப் பார்த்தார், இல்லை. மருந்துப் பையோடு அலைந்த காலத்தில் எத்தனையோ வலி மாத்திரை விற்றிருக்கிறார். அதை இப்படிப் பங்கு போட்டுத் தின்பவர்களை அவர் பார்த்ததே இல்லை.

ஜன்னலில் தட்டும் சத்தம். ஹெல்மெட்டோடு பாஸ்.

"எல்லாத்தையும் கேட்டேன்," என்றாள். கதவைத் திறந்து படியில் உட்கார்ந்துகொண்டாள். "திட்டணும்னுதான் வந்தேன். எப்படித் திட்டுறதுன்னு தெரியல. ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். உங்க வலி திரும்பித் திரும்பி வர்றதைப் பார்த்து, மருந்தே உருப்படியில்லன்னு கம்பெனி நினைக்குது. நாளைக்கு நிறுத்தப் போறாங்க. அப்புறம் பங்கு போட எதுவும் இருக்காது."

ஆறு பேரும் டிரைவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். நிறுத்தப் போகிற விஷயம் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. டாக்டர் அவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று மறைத்திருந்தார்.

"இவருக்கு இந்த மருந்து ஒத்துக்குமான்னு யாரும் பரிசோதிச்சுப் பார்க்கல. பிரேக் மிதிக்கிற கால்ல வலியை வச்சுக்கிட்டு உங்க எல்லாரையும் ஓட்டிட்டுப் போயிருக்கார். நல்லது நினைச்சு எவ்வளவு ஆபத்தைப் பண்ணியிருக்கீங்க!" பாஸின் குரல் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கியது. "இன்னொண்ணு சொல்லணும். டாக்டர்கிட்ட காலையில கேட்டேன். இந்த ஊர் கிளினிக்குக்குக் கம்பெனி குடுத்தது எட்டு இடம். தகுதின்னு தேறினது ஆறு பேர்தான்."

யாருக்கும் உடனே புரியவில்லை. கணக்கு வாத்தியாருக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காலியா இருந்துச்சா?" என்றார் டிரைவர். "இத்தனை நாளும்?"

"இப்பவும் இருக்கு."

வேன் வந்த வழியே திரும்பியது.

டாக்டரின் அறை சின்னது. ஒன்பது பேர் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கைப்பிடி நாற்காலியைப் பேக்கரிக்காரரே தூக்க முடியாமல் தள்ளிக்கொண்டு வந்து டிரைவரை அதில் உட்காரவைத்தார். பாஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். டாக்டரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. கடைசியில் என்ன நிறமாவது என்று தெரியாமல் நின்றது.

"கதவைச் சாத்தட்டுமா?" என்று டிரைவரைக் கேட்டார்.

"வேண்டாம் சார். திறந்தே இருக்கட்டும்."

"பத்துக்கு எத்தனை?"

"ஒன்பது," என்றார் டிரைவர். "மாத்திரை சாப்பிடுறதுக்கு முன்னாடி. சில ராத்திரி பத்து." பிறகு வேன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். யாரும் கேட்கவில்லை. அவராகவே வைத்தார்.

டாக்டர் சாவியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குறுக்கும் நெடுக்கும் நடப்பது தெரிந்தது. நடுநடுவே கையை வீசிப் பேசினார். ஒரு கட்டத்தில் பேசாமல் வெறுமனே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது ரொம்ப நேரம் நீடித்தது. தையலம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். அத்தான் தன்னையறியாமல் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் திரும்பி வந்தார்.

"திட்டினாங்க. காது கொடுத்துக் கேட்க முடியல," என்றார். "நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். வலி வந்த ஒவ்வொரு நாளும், அதுக்கு முந்தின நாள் அவங்க மருந்தே சாப்பிடல. சாப்பிட்ட மறுநாள் ஒருத்தருக்கும் வரல. மருந்து வேலை செய்யுதுங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்னு கேட்டேன்." மூச்சு வாங்கினார். "நிறுத்தல."

பேக்கரிக்காரர் கணக்கு வாத்தியாரைக் கட்டிப்பிடிக்கப் போய், முதுகு ஞாபகம் வந்து பாதியில் நின்றார்.

"ஆனா இனிமே நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. நாக்கைத் தூக்கச் சொல்லுவாங்க. வெக்கப்படக் கூடாது." டாக்டர் டிரைவர் பக்கம் திரும்பினார். "உங்களை ஏழாவது ஆளாச் சேர்க்க ஒத்துக்கிட்டாங்க. ஆனா சாப்பிட்டதெல்லாம் உடம்பை விட்டுப் போகணும். ரெண்டு வாரம் எதுவும் கிடையாது. பரிசோதனை முடிஞ்சுதான் முதல் மாத்திரை. அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. முதலாளிகிட்ட நானே பேசறேன். திரும்ப எடுத்துப்பாரான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"ரெண்டு வாரம்," என்றார் டிரைவர். மாத்திரை இல்லாத இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் ஆறு பேருக்குத் தெரியும். அதில் ஒரு நாளைக்கூட இனி அவர்களால் தங்கள் முறையாக வாங்கிக்கொள்ள முடியாது. தையலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லோரையும் வீட்டில் விட ஆள் இல்லை. அத்தான் சாவியை எடுத்தார்.

வேன் அவர் கைக்கு வந்ததும் கியர் ஒருமுறை கர்ரென்று அலறியது. "பாத்து தம்பி, உள்ள இருக்கிறதெல்லாம் உடையற சாமான்," என்றாள் தையலம்மா. ஒரு வேகத்தடைக்கு அவர் ஒவ்வொரு சக்கரமாக அனுமதி கேட்டு இறங்க, கணக்கு வாத்தியார் இந்த வேகத்தில் வீடு போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று சத்தமாகக் கணக்குப் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் மட்டும் முன் சீட்டில், தன் வண்டியில் தனக்குப் பழக்கமில்லாத பக்கத்தில் உட்கார்ந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எண்ணை அழுத்தினார்.

"நான்தான்," என்றார். "ஒண்ணுமில்ல... சும்மாதான்." நிறுத்தினார். "இல்ல. சும்மா இல்ல. எனக்கு இடுப்பு வலிக்குது. ரொம்ப நாளா. ஃபிரிட்ஜ் விழுந்ததுலேர்ந்து. உன்கிட்ட சொல்லல."

அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவியின் குரல் வேன் முழுக்கக் கேட்கும்படி வெடித்தது. ராத்திரி ராத்திரி புரண்டு படுப்பதை எந்த மனுஷிதான் பார்க்காமல் இருப்பாள், என்னை என்னவென்று நினைத்தாய், வா வீட்டுக்கு, வந்தால் இருக்கிறது உனக்கு என்று மூச்சுவிடாமல் திட்டியது. நடுவில் உடைந்து அழுதது. அழுதுகொண்டே மறுபடி திட்டியது.

டிரைவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சத்தத்தையும் குறைக்கவில்லை. அத்தான் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார். பின்னால் இந்த முறை கணக்கு வாத்தியார் எத்தனை நாளாகும் என்று கணக்குப் போடவில்லை.